மச்சான் வந்தால் ஓடும் ரயில்

அந்தக் குடியிருப்பில் அவரை எல்லோரும் ஹலோக்காரர் என்றுதான் சொல்வார்கள். மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் போன் எடுப்பது அவர் வேலை. கரண்ட் போய்விட்ட கோபத்தில் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று போன் செய்பவர்கள்கூட, அவர் "ஹலோ, சொல்லுங்க" என்றதும் கொஞ்சம் இறங்கி வந்துவிடுவார்கள். அப்படி ஒரு குரல். பிறகு அவர் வரிசையாகக் கேட்க ஆரம்பிப்பார். பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கிறதா, மெயின் சுவிட்சு மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா, போகும்போது வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருந்தது, யார் எதைப் போட்டார்கள் என்று. பாதிப் புகார்கள் அந்தக் கேள்விகளிலேயே தீர்ந்துவிடும். வண்டியும் ஆளும் அனுப்ப வேண்டிய தேவையே இருக்காது.

அதை வைத்து அவருக்கு மின்சாரம் தண்ணீர்பட்ட பாடு என்று யாராவது நினைத்தால் அது அவர் தப்பில்லை. ஒரு வயரைக்கூட அவர் கையால் தொட்டது கிடையாது. பயம். வீட்டில் பல்பு போனால் மாற்றுவது மனைவிதான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவளுக்கு, கை ஆடாது. இவர் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து" என்பார். பல்பு எரிந்ததும் முதலில் பெருமூச்சு விடுவதும் அவர்தான்.

இப்படி ஒரு மனிதர் வீட்டுக்கு ஒரு ரயில் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தது மனைவியின் அண்ணன். மச்சானுக்கு வாய் நீளம், உடம்பும் அதற்கு ஏற்ற அகலம். நாற்காலியில் உட்கார்ந்தால் எந்நேரமும் வலது காலை ஆட்டிக்கொண்டே இருப்பார். சின்ன வீட்டுக்கு மாறிப் போவதால், தான் வாலிப வயதில் செய்து வைத்திருந்த பொம்மை ரயிலைத் தங்கை வீட்டில் விட்டுவிடுவதாக அவரே முடிவு செய்து, அவரே ஒரு வேனைப் பிடித்து, அவரே படியேற்றிக் கொண்டுவந்துவிட்டார். பொம்மை என்றால் கையில் தூக்கி வைத்துக்கொள்கிற பொம்மை இல்லை. ஒரு கட்டில் அளவுக்குப் பலகை. அதன்மேல் வளைந்து வளைந்து போகும் இரும்புத் தண்டவாளம், ஒரு மலை, மலைக்குள் ஒரு குகை, ஒரு ஸ்டேஷன். ஓரத்தில் செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அதில் வேகத்தைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு. சாப்பாட்டு மேசையைத் தவிர அதை வைக்க வேறு இடம் இல்லை. வைத்தாயிற்று, பலகையின் ஓரங்கள் மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. அன்றிலிருந்து புருஷனும் மனைவியும் சமையலறை மேடையில் தட்டை வைத்து நின்றுகொண்டு சாப்பிட்டார்கள்.

மச்சான் மேசையோரம் உட்கார்ந்து திருகைத் திருப்பினார். கறுப்பு எஞ்சின் ஒரு உறுமு உறுமிவிட்டு, நாலைந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு குகைக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது.

"எப்படி?" என்றார் மச்சான். "இதுல இருக்கிற ஒவ்வொரு வயரும் நான் ஈயம் உருக்கிப் பத்த வச்சது. இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவ கூட நின்னது கிடையாது, மாப்ள."

ஹலோக்காரர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ரயில் எதற்கு என்று படியேறும்போது முனகியவர்தான். அது இரண்டாவது சுற்று வந்தபோது முழங்கையை மேசையில் ஊன்றி, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்கிவிட்டார். மனுஷன் விழுந்துவிட்டார் என்று மனைவிக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

டீ குடித்துவிட்டு மச்சான் கிளம்பினார். அவர் எழுந்து படியிறங்கிய பிறகு பார்த்தால் ரயிலும் நின்றிருந்தது.

ஹலோக்காரர் திருகைக் கூட்டினார், குறைத்தார். அசையவில்லை. அவிழ்த்து விட்ட மாடு மாதிரி போய்க்கொண்டிருந்தது, குகை வாசலில் முரண்டு பிடித்து நின்றுவிட்டது. மச்சானுக்குப் போன் போட்டார்.

"நல்லாத்தான ஓடிட்டு இருந்துச்சு? கைய வச்சு ஏதோ பண்ணிட்டீங்க, மாப்ள."

"நான் எதுவும் தொடல மச்சான். சத்தியமா தொடல."

"அப்போ தானா நிக்குமா? இருங்க, வரேன்."

மறுநாள் மாலை வந்தார். உட்கார்ந்தார். திருகைத் திருப்பினார். ரயில் ஓடியது. ஒரு மணி நேரம் ஓடியது. மச்சான் டீயைக் குடித்து முடித்தார். ஹலோக்காரரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம். அவர் எழுந்து படியிறங்கினார். ரயில் நின்றது.

மனைவி களத்தில் இறங்கினாள். தண்டவாளத்தில் அழுக்கு ஏறினால் கரண்ட் ஏறாது என்று கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு, பென்சில் ரப்பரை வைத்துத் தண்டவாளம் முழுவதையும் தேய்த்தாள். பளபளவென்று ஆயிற்று, ஓடவில்லை. எஞ்சினைக் கவிழ்த்து, சக்கரங்களில் சுற்றியிருந்த தூசியையும் தலைமுடியையும் ஊசியால் இழுத்து எடுத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். இவர் பக்கத்தில் நின்று "பாத்து, பாத்து" என்றார். ஓடவில்லை. எஞ்சினையும் டிரான்ஸ்ஃபார்மரையும் ஒரு பையில் போட்டு, தரைத்தளத்தில் இருந்த ரேடியோ ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கடைக்காரர் இரண்டு வயரை எஞ்சின் சக்கரத்தில் வைத்தார். அது மேசைமேல் தாவிக் குதித்து ஓடி, பிரித்துப் போட்டிருந்த ஒரு டேப் ரெக்கார்டர் மேல் ஏறி நின்றது. டிரான்ஸ்ஃபார்மரில் மீட்டரை வைத்தார். முள் விர்ரென்று ஏறியது.

"எஞ்சின் நல்லா இருக்கும்மா. டிரான்ஸ்ஃபார்மரும் நல்லா இருக்கு."

"தண்டவாளமும் நல்லாத்தாங்க இருக்கு" என்றாள் அவள். "தனித்தனியா எல்லாமே நல்லா இருக்கு. சேந்தாத்தான் ஓட மாட்டேங்குது."

"சில குடும்பம் அப்படித்தான்" என்றார் கடைக்காரர்.

அதற்குள் ஒன்று மட்டும் வீட்டில் எல்லோருக்கும் உறுதியாகிவிட்டது. மச்சான் இருந்தால் ரயில் ஓடும். இல்லாவிட்டால் ஓடாது. மச்சானுக்கு இது தெரிந்த பிறகு அவர் நடையே மாறிப்போயிற்று. முன்பெல்லாம் வாரத்துக்கு ஒருநாள் எட்டிப் பார்ப்பவர், இப்போது தினமும் வந்தார். வரும்போதே வாசலில் நின்று, "என்ன, நிக்குதா?" என்று கேட்பார். டீயில் சர்க்கரை போதாது என்பார். மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பச் சொல்வார். ஒருநாள் தன் கூட்டாளிகள் இரண்டு பேரை அழைத்து வந்து, எழுந்து வாசலுக்குப் போய், ரயில் நிற்பதைக் காட்டி, திரும்பி வந்து உட்கார்ந்து, ஓடுவதையும் காட்டினார்.

"அதுக்கு ஆள் தெரியும், மாப்ள" என்றார். "நாய்க்குட்டி மாதிரிதான். வளத்தவன் வாசனை தெரியும்ல?"

ஹலோக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். அவருக்கு மச்சானை ஆகாது. ஆனால் ரயில் ஓட வேண்டும். ஆகவே டீ போட்டார், மின்விசிறியைத் திருப்பினார், கேட்ட கதையையே கேட்டார். கண் மட்டும் ரயில் மேலேயே இருக்கும்.

ஒரு விடுமுறை நாள். மச்சான் வரத் தாமதமாகிவிட்டது. இவர் திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மண்டை காய்ந்து போய், என்ன செய்கிறோம் என்ற நினைவில்லாமல் போனை எடுத்து, விரல் பழகின பழக்கத்துக்குத் தன் அலுவலகத்தின் புகார் எண்ணையே அழுத்திவிட்டார். எதிர்ப்பக்கம் எடுத்தது பக்கத்து நாற்காலியில் உட்காரும் பெண்.

"ஹலோ, சொல்லுங்க."

அந்தக் குரலைக் கேட்டதும் இவருக்கும் மனசு இறங்கிவிட்டது. கொட்டிவிட்டார். "ரயில் நின்னு போச்சும்மா. கரண்ட் வரல. தினமும் இதே பாடு."

"சார்? நீங்களா?"

"நான்தாம்மா. சும்மா, ஒரு ஆற்றாமையில…"

"சார், போன் வந்தா யாரா இருந்தாலும் பதிவு பண்ணணும்னு நீங்கதான சொல்லிக் கொடுத்தீங்க? பதிவு பண்ணிட்டேன்."

அவள் கம்ப்யூட்டரில் ரயில் என்று அடித்தாள். கரண்ட் இல்லை என்று அடித்தாள். கம்ப்யூட்டருக்குப் பொம்மை ரயில், பெரிய ரயில் என்ற பேதமெல்லாம் கிடையாது. ரயிலுக்குக் கரண்ட் இல்லை என்றால் அது ஊரே ஸ்தம்பிக்கிற விஷயம். புகார் சிவப்பு எழுத்தில் மேலே ஏறிவிட்டது.

மச்சான் வந்து உட்கார்ந்து ரயில் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், தெருவில் ஒரு மஞ்சள் வண்டி வந்து நின்றது. தலையில் ஹெல்மெட் வைத்த ஆட்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். முன்னால் ஒரு இளம் பெண் பொறியாளர், கையில் வாக்கிடாக்கி.

"ரயில் எங்க சார்?"

ஹலோக்காரர் மேசையைக் காட்டினார். பொறியாளர் மேசையைப் பார்த்தார். ஏணியைப் பிடித்திருந்தவர், "இத எங்க வைக்கிறது மேடம்?" என்று கேட்டார். குகைக்குள் புகுந்த ரயில் வெளியே வந்து, எல்லோர் முன்னாலும் ஒரு முறை போய், ஸ்டேஷனைத் தாண்டிப் போயிற்று.

"ஓடுதே சார்" என்றார் பொறியாளர்.

"இப்ப ஓடும்மா. மச்சான் இருக்காரு, அதனால ஓடுது. அவர் போயிட்டா நின்னுடும்."

பொறியாளர் மச்சானைப் பார்த்தார். மச்சான் அடக்கமாகச் சிரித்தார். வந்தவர்களில் ஒருவர் சுவரிலிருந்த பிளக் பாயின்ட்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, கரண்ட் ஜோராக இருக்கிறது என்றார். "மீட்டர் வரைக்கும்தான் எங்க பொறுப்பு சார்" என்று பொறியாளர் பொறுமையாகச் சொன்னார். "அதுக்கு மேல ரயில் உங்க பொறுப்பு. ஓடிட்டுதான் இருக்கு. கோளாறு இல்லன்னு எழுதிக்கிறேன்." சொல்லிவிட்டு ரயில் இன்னொரு சுற்று வரும்வரை நின்று பார்த்தார். ஏணிக்காரரும் பார்த்தார்.

மச்சானுக்கும் கடைத்தெரு வரைக்கும் போக வேண்டியிருந்தது. இலவசமாக வண்டி கிடைக்கிறதே என்று அவர்கள் பின்னாலேயே எழுந்து இறங்கிவிட்டார். ரயில் நின்றது. ஹலோக்காரர் பால்கனிக்கு ஓடினார்.

"மேடம்! நின்னுடுச்சு! நின்னுடுச்சு!"

வண்டி திரும்பியது. ஏணி மறுபடி ஏறியது. அது ஏன் ஏறுகிறது என்று கேட்கும் நிலையில் யாரும் இல்லை. மச்சானும் கூடவே ஏறி வந்து உட்கார்ந்தார். ரயில் ஓடியது.

பொறியாளர் ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சார், நீங்க எங்க ஆபீஸ்லதான இருக்கீங்க? உங்க குரல் எனக்கு நல்லாத் தெரியும். உங்க மேல மரியாத இருக்கு. அதனால சொல்றேன். ஒண்ணு, கொஞ்ச நாள் லீவு போடுங்க. இல்ல, இவர இங்கயே கட்டிப் போட்டுடுங்க."

எதிர் வீட்டு, மேல் வீட்டு ஜனங்கள் எல்லாம் படியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹலோக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஊருக்கெல்லாம் புகார் தீர்த்து வைத்தவர் வீட்டில், அவர் ஆட்களே வந்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகிறார்கள். எல்லோரும் போன பிறகு அவர் மேசை முன்னால் நின்றார். தொடலாமா என்று விரலை நீட்டினார். எஞ்சினுக்கு அருகில் போனதும் விரல் தானாக மடங்கிக்கொண்டது.

"ஏங்க" என்றாள் மனைவி. "இந்த ஊர்ல எவ்வளவு வீட்டு ஃபால்ட்ட இருந்த இடத்துலருந்தே கண்டுபிடிச்சிருக்கீங்க. இது கண்ணு முன்னாடி இருக்கு."

"கண்ணு முன்னாடி இருக்கறதுதான் கஷ்டம். பாத்தா எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது. பயமா இருக்கு."

அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை நாள்தான் நின்றுகொண்டே சாப்பிடுவது? "அப்போ உள்ள போயி போன் பண்ணுங்க! நேர்ல நின்னா உங்களுக்கு எதுவும் புரியாது. போன்லதான் மூளையே வேலை செய்யும்."

திட்டத்தான் சொன்னாள். அவர் யோசித்தார். மறுநாள் மாலை மச்சான் வந்து உட்கார்ந்ததும், இவர் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மேசை மேலிருந்த மனைவியின் போன் அடித்தது.

"ஹலோ, சொல்லுங்க" என்றது அந்தக் குரல்.

அவள் அந்தக் குரலைப் போனில் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. வீட்டில் அவர் அப்படிப் பேச மாட்டார். அவளை அறியாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ரயில் ஓட மாட்டேங்குதுங்க" என்றாள்.

"இப்ப ஓடுதாம்மா?"

"இப்ப ஓடுதுங்க. எங்க அண்ணன் இருந்தா ஓடும்."

"அண்ணன் இப்ப என்ன பண்றார்?"

"உக்காந்திருக்கார்."

"சும்மாவா உக்காந்திருக்கார்? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. கை எங்க இருக்கு, கால் எங்க இருக்கு?"

"யாரு கிட்ட பேசற?" என்றார் மச்சான்.

"கம்ப்ளெயின்ட் ஆபீஸ்ண்ணே. பேசாம இருங்க." குனிந்து பார்த்தாள். "கை வயித்து மேல இருக்குங்க. கால் ஆட்டிட்டு இருக்கார். அது எப்பவும் ஆட்டறதுதான்."

"ஆட்டும்போது முட்டி எதுலயாவது படுதாம்மா?"

"மேசைக் கால்ல படுதுங்க."

"நிறுத்தச் சொல்லுங்க."

"அண்ணே, கால் ஆட்டறத நிறுத்துங்க."

"எதுக்கு?" என்று கேட்டபடி மச்சான் நிறுத்தினார். ரயிலும் நின்றது.

பிறகு போனிலிருந்து குரல் நிதானமாக வந்தது. "இப்ப மறுபடி ஆட்டச் சொல்லுங்க."

மச்சான் ஆட்டினார். ரயில் ஓடியது. நிறுத்தினார், நின்றது. வேகமாக ஆட்டினார், விக்கி விக்கி ஓடியது. மச்சானின் முகம், சொத்து கைமாறிப் போகிறதைப் பார்த்தவர் முகம் போல ஆகிவிட்டது.

"அண்ணன் எழுந்து தள்ளி நிக்கட்டும். நீங்க ஒரு கரண்டி எடுத்துக்குங்கம்மா. மரக் கரண்டி. பலகைக்கு அடியில ஒவ்வொரு இடமா மெதுவாத் தட்டிட்டே போங்க. எங்க தட்டினா ஓடுதுன்னு சொல்லுங்க."

அவள் மேசைக்கடியில் மல்லாந்து படுத்து, போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு தட்டினாள். ஸ்டேஷனுக்குக் கீழே தட்டினாள், ஒன்றுமில்லை. மலைக்குக் கீழே தட்டினாள், ஒன்றுமில்லை. மேசைக்கு வெளியே நீட்டியிருந்த, டிரான்ஸ்ஃபார்மர் வயர் வந்து சேரும் மூலையில் தட்டியதும், தலைக்கு மேலே சக்கரச் சத்தம் கேட்டது.

"இங்கதாங்க! இங்கதான்!"

"கைய எடுங்கம்மா. தொடாதீங்க. மொதல்ல பிளக்கப் புடுங்கச் சொல்லுங்க. புடுங்கியாச்சா? உறுதியா? இப்ப டார்ச் அடிச்சுப் பாருங்க. வயர் எங்க போயி ஒட்டுது?"

கண்ணாடிக் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியை வைத்து அவள் பார்த்தாள். பலகையில் இருந்த துளை வழியே தண்டவாளத்தின் அடியில் வயரைச் சேர்த்து ஈயம் பற்ற வைத்திருந்தார்கள். பார்வைக்குக் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் ஈயத்துக்கும் வயருக்கும் நடுவில், மோதிரம் போட்ட மாதிரி, முடியளவுக்கு ஒரு வெடிப்பு. ஆடினால் ஒட்டும். ஆடாவிட்டால் விலகிக்கொள்ளும். "ஈயம் விட்டிருக்குங்க" என்றாள்.

படுக்கையறைக் கதவு திறந்தது. ஹலோக்காரர் வெளியே வந்தார். மச்சான் மேசைக்கடியில் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். அவர் பற்ற வைத்த ஈயம்தான். அவர் வீட்டிலும் அது எப்போது விட்டதென்று யாருக்குத் தெரியும்? அவர் உட்காராமல் அந்த ரயில் ஓடியதே கிடையாது.

"அந்தக் காலத்துல ஈயமே மட்டம்" என்று சொல்லிவிட்டு மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ரேடியோ கடைக்காரர் மேலே வந்து, பழைய ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்ற வைத்தார். ரயில் ஓடியது. யாரும் உட்காரவில்லை, யாரும் ஆட்டவில்லை. தன் பாட்டுக்கு ஓடியது. ஹலோக்காரர் அலுவலகத்தில் எல்லோருக்கும் சொன்னார். ஏணிக்காரர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் மேலே வந்து ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போனார். ஏணியைக் கீழேயே வைத்துவிட்டுத்தான் வருவார்.

மச்சான் மட்டும் வரவில்லை. போன் செய்தால் முட்டி வலி என்றார். மனைவி டீ போடும்போது பழக்கத்தில் ஒரு டம்ளர் கூடுதலாக வைத்துவிட்டு, பிறகு எடுத்து உள்ளே வைத்தாள். ஹலோக்காரருக்கும் என்னவோ போலிருந்தது. ரயில் சுற்றிச் சுற்றி வந்தது. எப்படி என்று கேட்க ஆள் இல்லை. வாசனை தெரியும், நாய்க்குட்டி என்றெல்லாம் சொல்ல ஆள் இல்லை. சண்டை போடக்கூட ஆள் இல்லை.

கடைசியில் அவரே போனை எடுத்தார். மச்சானிடம் என்ன கேள்வி கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை.

"மச்சான், ரயில் நல்லாத்தான் ஓடுது. நிக்கவே இல்ல."

"அப்புறம் எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"பாக்கறதுக்கு ஆள் பத்தல."

"சர்க்கரை இருக்கா?" என்றார் மச்சான்.

வந்தார். மேசைப் பக்கம் உட்கார்ந்தபோதுதான் புதிய சிக்கல் தெரிந்தது. ஈயம் கெட்டியானாலும் மேசை அதே மேசைதான். அவர் ஆட்டிய ஆட்டில் வளைவில் வந்த பெட்டிகள் தடம் புரண்டு, ஒன்று ஹலோக்காரர் மடியில் விழுந்தது. மனைவி அண்ணனின் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் ஜன்னலோரம் போட்டாள். மச்சானும் அங்கே போய் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் குகையின் இரண்டு வாசலும் தெரியும் என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். அது உண்மைதான். ஹலோக்காரரும் ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ரயில் ஓடியது. மச்சான் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, கதை சொல்ல ஆரம்பித்து, காலை ஆட்ட ஆரம்பித்தார். முட்டி சுவரில் பட, ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் கடகடவென்று அதிர்ந்தது.

மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்தாள். ஜன்னலைப் பார்த்தாள், அண்ணனின் காலைப் பார்த்தாள்.

"நாளைக்கு ஜன்னல் இடுக்குல ஒரு அட்டைய மடிச்சு சொருகணும்" என்றாள்.